எத்தோ கணக்கும் அன்றைய மீனும்

கேள்வி இதுதான். கணவன் மனைவி இருவர் செப்டம்பரில் இத்தாலி போகிறார்கள். கிழக்கே அட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகமான ஆங்கோனாவில் ஓர் இரவு தங்கல். சமையல்காரரே முதலாளியாக இருக்கும் ஒரு குட்டிக் கடலுணவு உணவகத்துக்குக் கட்டாயம் போகும்படி நண்பர் சொல்லியிருக்கிறார். மொத்தமே இருபது நாற்காலி. கையில் கிடைத்த மெனு படத்தில் சிலவற்றுக்கு விலையே இல்லை, சிலவற்றுக்கு "எத்தோ" என்று ஏதோ போட்டிருக்கிறது. எப்படி ஆர்டர் செய்வது, எவ்வளவு ஆகும், வெளியூர்க்காரர் என்று தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்களா?

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் தலையில் ஒருமுறை அரைபட்டது. அரைத்தது நானேதான்.

அட்ரியாட்டிக் கடலோரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். போன முதல் வருடம், ஒரு துறைமுக ஊரில், இப்படி ஒரு சின்ன இடம். கடைக்கார அம்மா ஒரு தட்டில் பெரிய ரொம்போ மீனை வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ரொம்போ என்பது வட்டத் தாம்பாளம் போலத் தட்டையான மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். மெனுவில் அதற்கு நேரே 6 யூரோ என்று இருந்தது. பரவாயில்லையே, மலிவுதான் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். உருளைக்கிழங்கோடு அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்தார்கள், பிரமாதமாக இருந்தது. பில்லில் அந்த மீனுக்கு மட்டும் 96 யூரோ. மீன் 1.6 கிலோ. 6 யூரோ என்பது 100 கிராமுக்கு! அந்த 100 கிராமுக்குத்தான் இத்தாலியில் "எத்தோ" என்று பெயர். மெனுவில் அது தெளிவாகவே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை.

ஆக, எத்தோ கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முழு மீனுக்கு எடைபோட்டுத்தான் விலை. எடை என்பது பச்சை மீனின் எடை. தலை, முள், வால் எல்லாம் அதில் சேரும். ரொம்போ போன்ற மீனில் உங்கள் தட்டுக்கு வரும் சதை மொத்த எடையில் ஏறக்குறைய பாதிதான். இருவருக்கு 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை உள்ள மீன் தாராளம். எத்தோவுக்கு 7 யூரோ என்றால் ஒரு கிலோ மீன் 70 யூரோ. இதை மனக்கணக்காகப் போட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். மீனைக் காட்டும்போதே "க்வாந்தோ பேஸா?" என்று கேளுங்கள், எவ்வளவு எடை என்று அர்த்தம். நல்ல இடத்தில் உங்கள் கண் முன்னாலேயே தராசில் வைத்துக் காட்டுவார்கள். இப்படிக் கேட்பதை யாரும் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து மேசை இத்தாலியரும் இதையேதான் கேட்பார். அதோடு, மீன் பெரிதாகத் தெரிந்தால் "இதைவிடச் சின்னது இருக்கிறதா?" என்று கேட்கவும் தயங்காதீர்கள்.

இந்த ஒன்றில் கறாராக இருந்துவிட்டு, மற்றதையெல்லாம் சமையல்காரரிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எடை கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் இதில் பூண்டு வேண்டாம், அதில் சீஸ் போடுங்கள், மெனுவில் இல்லாத கார்பனாரா பாஸ்தா கிடைக்குமா என்று சமையலில் தலையிடுகிறார்கள்.

ஏன் அவரிடம் விடச் சொல்கிறேன் என்றால், இந்த இடங்களின் அமைப்பே அப்படி. உள்ளே ஒருவர் சமைப்பார், கூட ஓர் உதவியாள், பாத்திரம் கழுவ ஒருவர். வெளியே மேசைகளைக் கவனிப்பது பெரும்பாலும் மனைவி, அல்லது கணவர், அல்லது உடன்பிறந்தவர். ஆறேழு மேசை. ஓர் இரவில் ஒரு மேசைக்கு ஒரு குழுதான். எழுந்தால் அடுத்தவரை உட்கார வைக்கும் அவசரம் கிடையாது. காலையில் வாங்கிய மீன் அன்று இரவுக்குள் தீர வேண்டும், மறுநாளைக்கு அதன் மதிப்பு பாதி. அதனால் அவர் வாங்குவதே கொஞ்சம், வாங்கியதைச் சமைக்கும் விதத்தை முடிவு செய்வது அன்று மதியம். அச்சடித்த மெனு ஒரு சம்பிரதாயம்தான். உண்மையான மெனு சுவரில் இருக்கும் கரும்பலகையிலோ, மேசைக்கு வந்து சொல்பவர் வாயிலோ இருக்கிறது. வாயால் சொல்லும் அயிட்டங்களுக்கு விலை கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். விலைப்பட்டியலை வாசலில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அது இல்லாத இடத்தில் நான் உட்காருவதில்லை.

இப்படிக் குடும்பமாக ஆரம்பித்த இடம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உதாரணம் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. ஆங்கோனாவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் செனிகல்லியா. அங்கே மௌரோ உலியாஸ்ஸியும் அவருடைய சகோதரி கத்தியாவும் 1990-ல் கடற்கரையில் ஓர் உணவகம் திறந்தார்கள். 2019 மிஷலின் உணவகக் கையேட்டில் அதற்கு உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம். அதே ஊரில் மொரேனோ செத்ரோனி என்ற சமையல்காரர் 1984-லேயே கடை போட்டவர். இரண்டும் இன்றைக்கு உங்கள் கேள்வியில் இருக்கும் ரகம் இல்லை, விலையும் வேறு உலகம். ஆனால் உள்ளே ஒருவர், வெளியே குடும்பத்தில் இன்னொருவர் என்ற அந்த ஏற்பாடு மாறவில்லை.

சரி, எந்த நாளில் போவது? திங்கட்கிழமை வேண்டாம். சனி ஞாயிறு இழுவைப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கள் காலையில் புது மீன் வரத்து குறைவு, நல்ல கடலுணவுக் கடைகள் பல அன்று விடுமுறை விட்டுவிடும். திங்களன்று ஆர்ப்பாட்டமாக முப்பது வகை மீன் மெனு வைத்திருக்கும் கடையைப் பார்த்தால் அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த இரவும் சரி.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: செப்டம்பர். அட்ரியாட்டிக்கில் கோடையில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு, "ஃபெர்மோ பெஸ்கா" என்பார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விடும் ஓய்வு. தேதி வருடாவருடம் மாறும், கடற்கரையின் பகுதிக்குப் பகுதி மாறும், பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பர் அதில் மாட்டிக்கொள்ளும். சுற்றுலாப் பயணிகள் குவியும் நேரமும், உள்ளூர் வலை மீன் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்று என்பது இத்தாலியின் வேடிக்கை. பயப்பட வேண்டியதில்லை. கரையோரம் வலை போடும் சின்னப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆக மீன் இருக்கும், வகைதான் குறையும். அந்த மாதத்தில் பலகை சுருங்கி, "இன்று இது மட்டும்தான்" என்று சொல்லும் கடையை நம்பலாம். எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் ஃபிரீசரும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபிரீசர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அதிலும் ஒரு விவரம் இருக்கிறது. மெனுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி பார்ப்பீர்கள். அது உறைய வைத்த பொருள் என்பதற்கு அடையாளம். அதைச் சொல்லாமல் விற்றால் இத்தாலியில் மோசடி வழக்கே போடுவார்கள். இதில் கணவாய் வளையத்துக்கு நட்சத்திரம் இருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் சிசிலியின் மத்ஸாரா தெல் வல்லோ சிவப்பு இறாலுக்கு நட்சத்திரம் இருந்தால் அது குறையே இல்லை. அந்தப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவை, பிடித்த இடத்திலேயே உறைய வைத்துவிடுவார்கள். கரைக்கு வந்து இரண்டு நாள் பனிக்கட்டியில் கிடந்த இறாலைவிட அது மேல்.

அடுத்து, பச்சை மீன். "க்ரூதோ" என்று பலகையில் இருக்கும். மெல்லிய துண்டுகளாக அரிந்து, ஆலிவ் எண்ணெய், உப்பு, சில சமயம் ஒரு துளி எலுமிச்சை, அவ்வளவுதான். சாப்பிடலாமா என்று இந்தியர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 ஒழுங்குமுறைப்படி பச்சையாகப் பரிமாறும் மீனையும் கணவாய் வகைகளையும் முதலில் உறைய வைத்தாக வேண்டும்: மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35-ல் 15 மணி நேரம். அனிசாகிஸ் என்ற புழுவைக் கொல்வதற்காக. மெனுவின் அடியில் "அப்பாத்தூதோ" என்ற சொல் இருந்தால் இதைத்தான் செய்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப்போட்டால் அந்தப் புழு சாகாது, வீட்டில் நெத்திலி ஊற வைப்பவர்கள் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். சிப்பிகளுக்கு இந்த உறைய வைக்கும் விதி கிடையாது. எனவே கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சைத் தட்டையே தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் ஒரு சின்னத் தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

ஆர்டர் செய்யும் வரிசை பற்றி நிறையப் பேர் பீதியைக் கிளப்புகிறார்கள். அந்திபாஸ்தோ என்பது முதலில் கொறிப்பது, ப்ரீமோ என்பது பாஸ்தா அல்லது ரிசோத்தோ, செகொந்தோ என்பது மீன், கொந்தோர்னோ என்பது காய்கறித் துணை, அப்புறம் இனிப்பு. ஐந்தையும் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருவருக்கு நான் சொல்வது: ஓர் அந்திபாஸ்தோவைப் பகிருங்கள், ஆளுக்கு ஒரு பாஸ்தா, பிறகு இருவருக்குமாக ஒரு முழு மீன். ஒரே ஒரு பாஸ்தாவை வாங்கி இரண்டு கரண்டி கேட்டால் மட்டும் கொஞ்சம் முகம் மாறும். இருபது நாற்காலி வைத்துப் பிழைப்பவர் அவர், அதில் ஒரு நாற்காலி அன்று சம்பாதிக்கவில்லை என்றால் அவருக்குத் தெரியும்.

பாஸ்தா என்றால், அப்படிப்பட்ட இடத்தில் முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது ஸ்பகெத்தி அல்லெ வொங்கொலெ. மட்டி போட்ட ஸ்பகெத்தி. மெனுவிலேயே எளிமையான அயிட்டம், ஆனால் சமையல்காரரின் கை எப்படி என்று இதில்தான் தெரியும், ஏனென்றால் மறைத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

பிற்பாடு எனக்குப் பழக்கமான ஒரு கடையில், மதியம் நாலு மணிக்கு, பின்வாசல் வழியாக இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மட்டிகள் உப்புத் தண்ணீரில் சில மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தன, மணலைத் துப்புவதற்காக. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மரப்பலகையில் தட்டினார். டக், டக், டக் என்று கேட்டுக்கொண்டே வந்தது. திடீரென்று ஒன்று மட்டும் "தொப்" என்றது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குப்பையில் போட்டார். செத்த மட்டிக்குள் சேறு நிறைந்திருக்கும், ஓடு மூடியே இருக்கும், பார்வைக்குத் தெரியாது. அந்த ஒன்று உள்ளே போனால் மொத்தச் சட்டியும் சேறாகிவிடும். இரண்டு கிலோ மட்டியை அப்படித் தட்டிப் பார்த்தார். இருபது பேருக்குச் சமைப்பவர் செய்யக்கூடிய வேலை அது. இருநூறு பேருக்குச் சமைப்பவரால் முடியாது.

இரவில் மீதி வேலை பத்து நிமிடம். எண்ணெயில் பூண்டு, ஒரு கிள்ளு மிளகாய், மட்டியைக் கொட்டி, ஒரு வீச்சு வெள்ளை ஒயின், மூடி. இரண்டு மூன்று நிமிடத்தில் வாய் திறந்துவிடும், திறக்காததை எறிந்துவிடுவார். மட்டி விட்ட அந்தக் கலங்கல் நீரை வடிகட்டி வைப்பார், உப்பும் ருசியும் எல்லாம் அதில்தான். ஸ்பகெத்தி முழுதாக வேகும் முன்பே, இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது, எடுத்து அந்த நீரில் போட்டு வாணலியைக் குலுக்குவார். பாஸ்தாவின் மாவுச்சத்தும் எண்ணெயும் மட்டி நீரும் ஒன்றுகூடி ஒரு பளபளப்பான சாறாகச் சேரும். க்ரீம் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டு க்ரீம் இருக்காது. தட்டு உங்கள் முன் வந்தபிறகு அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து தேங்கினால் குலுக்கியது போதவில்லை. சாறு ஸ்பகெத்தி இழையோடு ஒட்டியிருந்தால் நீங்கள் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதன் மேல் சீஸ் கேட்காதீர்கள். மட்டியின் மெல்லிய உப்பைச் சீஸ் அமுக்கிவிடும் என்பதுதான் காரணம். இதை ஒரு மதக் கட்டளை போல் சொல்பவர்களும் உண்டு, ஆனால் இத்தாலியர்களே மீறும் இடங்கள் இருக்கின்றன. தெற்கே பாரி நகரத்தில் அரிசி, உருளைக்கிழங்கு, மஸ்ஸல் சிப்பி மூன்றையும் அடுக்கி அடுப்பில் வைக்கும் தியெல்லாவில் பெக்கொரீனோ சீஸ் தூவுவார்கள். சமையல்காரர் போட்டால் சாப்பிடுங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம்.

மட்டி விலை இப்போது ஏறியிருக்கும். 2023-ல் நீல நண்டு என்ற, வேற்றுக் கடலிலிருந்து வந்த நண்டு போ நதியின் கழிமுகத்தில் பெருகி, மட்டிப் பண்ணைகளைத் தின்று தீர்த்தது. இளம் மட்டியை ஓட்டோடு நொறுக்கிவிடும். பிழைப்பு போனவர்கள் அந்த நண்டையே பிடித்து விற்க ஆரம்பித்தார்கள், அதனால் நீல நண்டு போட்ட பாஸ்தாவும் பலகைகளில் வந்துவிட்டது. ருசியான நண்டுதான். பழிவாங்கிய திருப்தியோடு சாப்பிடலாம்.

ஆங்கோனாவுக்கே உரியது என்றால் மூன்று. ஒன்று ப்ரொதெத்தோ, மீன் சாறு. கரைக்கு வந்து விற்காமல் போன முள் நிறைந்த சின்ன மீன்களைப் படகுக்காரர்கள் ஒரே சட்டியில் போட்டு வினிகர் ஊற்றிக் கொதிக்க வைத்ததில் பிறந்தது. ஆங்கோனாக்காரர்கள் பதின்மூன்று வகை மீன் வேண்டும் என்பார்கள்; இத்தாலியின் மேற்குக் கரையில் லிவோர்னோவில் இதற்குப் பங்காளியான கச்சூக்கோவுக்கு ஐந்து வகை போதும். பதின்மூன்றை எண்ணிச் சண்டை போட வேண்டாம், செப்டம்பரில் எட்டு வந்தாலே அதிகம். ஆனால் பெரும்பாலும் இதை முன்தினமே சொல்லி வைக்க வேண்டும், குறைந்தது இருவருக்கு. சாப்பிட்டபின் தட்டின் அடியில் மிஞ்சும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள், இதற்கு "ஸ்கார்பெத்தா" என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெரிய ஹோட்டலில் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், இங்கே செய்யாவிட்டால்தான் சமையல்காரர் "பிடிக்கவில்லையா?" என்று கேட்பார்.

இரண்டாவது ஸ்தொக்காஃபிஸ்ஸோ. காற்றில் காயவைத்த நார்வே காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, தாராளமான ஆலிவ் எண்ணெயோடு மெல்லத் தீயில் கிளறாமல் வேகவைப்பது. சுற்றிலும் கடல் இருக்க, வடதுருவத்துக் கருவாடு ஏன் என்று நானும் கேட்டேன். வெனிஸ் பக்கம் இதற்கு ஒரு வரலாறு சொல்வார்கள்: க்வெரீனி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கி, 1432 தொடக்கத்தில் மிஞ்சியவர்கள் நார்வேயின் லொஃபோத்தன் தீவுகளின் முனையில் ரோஸ்த் என்ற குட்டித் தீவில் கரையேறினார்கள். அங்கே இந்தக் கருவாட்டைத் தின்று பிழைத்துத் திரும்பியவர்கள்தான் இதை ஊருக்குள் பேசவைத்தார்கள். மீன் தடைக்காலத்தில் இது கைகொடுக்கும் அயிட்டம்.

மூன்றாவது மோஷியோலோ. ஆங்கோனாவை ஒட்டிய போர்த்தோனோவோ பாறைகளில் தானாக வளரும் மஸ்ஸல் சிப்பி, பண்ணையில் வளர்வது இல்லை. சமீப வருடங்களில் மிகவும் குறைந்துவிட்டது. பலகையில் இல்லை என்றால் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

முழு மீனுக்கு வருவோம். கொடுவாயைப் போன்ற ஒரு மீனை வடக்கில் ப்ரன்சீனோ என்றும் தெற்கில் ஸ்பீகொலா என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. அதுவும் ஒராதா என்ற மீனும் பண்ணையிலும் வளர்கின்றன. பண்ணை என்றால் "அல்லெவாத்தோ", கடலில் பிடித்தது என்றால் "பெஸ்காத்தோ". விலை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். தட்டு அளவுக்குச் சரியாக, ஒன்றைப்போல் ஒன்று நான்கு மீன் வரிசையாகக் கிடந்தால் பெரும்பாலும் பண்ணைதான். கேட்டால் நேராகப் பதில் சொல்லும் கடையில் பண்ணை மீன் சாப்பிடுவதிலும் தப்பில்லை, பண்ணை விலையில் தந்தால் சரி.

சமைக்கும் விதத்தை அவரையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். கல்லுப்பில் முழுசாகப் புதைத்துச் சுடலாம், உருளைக்கிழங்கோடு அடுப்பில் வைக்கலாம், இல்லை "ஆக்வா பாட்சா" என்று தக்காளியும் பூண்டும் போட்ட கொஞ்சம் தண்ணீரில் வேக வைக்கலாம். பெயருக்கு அர்த்தம் பைத்தியத் தண்ணீர். வெந்ததைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, "நான் சுத்தம் செய்து தரட்டுமா?" என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு அந்தக் கையைப் பாருங்கள். உப்பு ஓட்டைக் கரண்டியின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டி, தோலை ஒரே இழுப்பில் உரித்து, நடு முள்ளை வாலிலிருந்து தலைவரை ஏணி போலத் தூக்கி எடுப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு விஷயம்: கன்னத்துச் சதையைத் தலையோடு எடுத்துப் போய்விடப் போகிறார்கள், "அதையும் வையுங்கள்" என்று கைகாட்டுங்கள்! நாணயம் அளவுதான் இருக்கும், மீனிலேயே அதுதான் மெத்தென்ற இடம். நான் முதல்முறை அப்படிக் கைகாட்டியபோது பரிமாறிய அம்மா உள்ளே திரும்பிக் கணவரிடம் ஏதோ கத்தினார். அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து பலகையில் இல்லாததும் எனக்கு வர ஆரம்பித்தது.

ஒயின் குடிப்பவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த ஊரில் வெர்திக்கியோ. பின்னாலேயே இருக்கும் யேஸி மலைச்சரிவில் விளைவது. வீட்டு ஒயினை அரை லிட்டர் குடுவையில் கேட்டாலும் பழுதில்லை. குடிக்காதவர்கள் தண்ணீர் கேட்டால் பாட்டில்தான் வரும், அதற்குக் காசு உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கப்புச்சீனோ கேட்காதீர்கள், பால் காபி அங்கே காலைக்கானது. எஸ்ப்ரெஸ்ஸோ வரும், கூடவே கேட்காமலே ஒரு குட்டிக் கண்ணாடியில் எலுமிச்சை மதுவோ கசப்பு மதுவோ வந்தால் அது பெரும்பாலும் வீட்டு உபசாரம். இனிப்பு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடலுணவுச் சமையல்காரர்கள் இனிப்பில் அக்கறை காட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

பில்லில் "கோப்பெர்த்தோ" என்று ஆளுக்கு 2 முதல் 4 யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் சேர்த்து வாங்குவது, நீங்கள் ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு. மெனுவில் எழுதியிருந்தால் அது முறையான கட்டணம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கட்டாயமில்லை. மனம் குளிர்ந்தால் சில யூரோக்களை மேசையில் விட்டுவிட்டு வாருங்கள். முதலில் கையால் எழுதியோ அச்சடித்தோ ஒரு சீட்டு வரும், அது கணக்குக் காட்டுவதற்கு. பணம் கொடுத்தபின் வரிச்சீட்டு தனியாகக் கொடுக்க வேண்டும். கார்டு வாங்க மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது, 2022 ஜூன் 30 முதல் மறுத்தால் அபராதம். மொத்தமாக, நான் சொன்ன மாதிரி ஓர் அந்திபாஸ்தோ, இரண்டு பாஸ்தா, ஒரு கிலோவுக்குள் ஒரு மீன், வீட்டு ஒயின், காபி என்றால் இருவருக்கு 130 முதல் 170 யூரோ வரை எடுத்து வையுங்கள். முழு மீனுக்குப் பதில் வறுத்த கலவை மீன் ஒரு தட்டு என்றால் 100-க்குள் முடித்துவிடலாம்.

கடைசியாக முன்பதிவு. கட்டாயம் வேண்டும், இருபது நாற்காலியில் தற்செயலாக இடம் கிடைக்காது. மதியம் ஒரு மணிக்கோ இரவு எட்டரைக்கோ கூப்பிடாதீர்கள், அப்போது போனை எடுப்பவரின் இன்னொரு கையில் தட்டு இருக்கும். காலை பதினொன்றுக்கு, அல்லது மாலை ஆறுக்கு. இரவு எட்டு மணிக்கு மேசை கேளுங்கள். ஏழு மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ப்ரொதெத்தோ வேண்டும் என்றால் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். போக முடியாமல் போனால் மறக்காமல் கூப்பிட்டு ரத்து செய்யுங்கள், உங்கள் இருவருக்கென்றும் அவர் காலையில் மீன் வாங்கியிருப்பார். பெயர் கேட்டால் முழுப்பெயரைச் சொல்லிச் சிரமப்பட வேண்டாம், சின்னதாக ஏதாவது சொல்லுங்கள். நான் என் பெயரை எழுத்தெழுத்தாக மூன்று தடவை சொன்னேன், அந்தப் பக்கம் "சரி, சரி" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் மேசை மேல் இருந்த அட்டையில் "இந்தியானோ, 2" என்று எழுதியிருந்தது.